வேரை மறந்த விருட்சம்

வீழ்ச்சியுற்ற கட்சியைச் சீர்திருத்த முனைவோர் வழமையாகத் தலைவரை மாற்றுவர். அன்றேல் கூட்டை மாற்றுவர். லங்கா சமசமாஜக் கட்சிக்கு இவ்விரண்டும் பயன் தரா. அக்கட்சி இழந்தது ஆசனங்களை மாத்திரமன்று. தன்னைத் தோற்றுவித்த தத்துவத்தையுமாகும்.

1935 டிசம்பர் 18இல் தோன்றிய அக்கட்சி, பூரண சுதந்திரத்தோடும் சமவுடைமையோடும் இனம், சாதி, மதம், பால் என்பவற்றால் விளையும் ஏற்றத்தாழ்வுகளை ஒழிப்பதையும் தன் இலட்சியமாகக் கொண்டது. அது வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று. 1948இல் மலையகத் தொழிலாளரை நாடற்றோராக்கிய பிரசாவுரிமைச் சட்டத்தைச் சமசமாஜிகள் எதிர்த்தனர். 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தையும் எதிர்த்தனர். ஒரு மொழியை மாத்திரம் அரியணையேற்றினால் நாடு இரண்டாகும் எனக் கொல்வின் ஆர். டி சில்வா எச்சரித்தார். சிங்கள வாக்குகளை இழக்க நேருமென அறிந்தே அவர்கள் அவ்வாறு நின்றனர்.

1964இல் கட்சி கூட்டரசாங்கத்திற் சேர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபரிலேயே, 5,25,000 மக்களை அவர்தம் விருப்பைக் கேளாது இந்தியாவுக்கு அனுப்ப உடன்படும் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1966இல் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகளின் ஒழுங்குவிதிகளுக்கு எதிரான அணியில் கட்சி நின்றது. 1972 அரசியலமைப்பு, சிங்களத்தை அரசகரும மொழியாகவும் பௌத்தத்தை முதன்மை இடத்திலும் வைத்தது. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு அளித்த சிறுபான்மையோர் காப்பும் அதில் இடம்பெறவில்லை. அதனை ஆக்கும் பொறுப்பை வகித்த அமைச்சர், 1956இல் எச்சரித்த அதே கொல்வினே!

அதிகாரமின்றி உழைப்போருக்கு நன்மை செய்தல் இயலாது என்பர் சிலர். 1972இன் காணிச் சீர்திருத்தத்தைச் சான்றாகவும் காட்டுவர். அச்சீர்திருத்தம் சிறியதன்று. எனினும் காணிக்கு உச்சவரம்பு விதித்த அதே அரசாங்கந்தான், தோட்டங்களில் உழைத்தோரைத் தலைமன்னாரிற் கப்பலேற்றியது. உழைப்போரில் ஒரு பகுதியினரை விலக்கிய பின்னர் எஞ்சுவது எவ்வகைச் சமவுடைமை? விட்டுக்கொடுப்பின் பலனும் நீடிக்கவில்லை. 1975இல் கட்சி அரசாங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. 1977 தேர்தலில் ஓர் ஆசனமேனும் பெறவில்லை.

1956இல் கட்சி வற்புறுத்திய மொழிச் சமத்துவத்தை, 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி ஓரளவு ஏற்றது. கொள்கை தவறவில்லை, கொள்கையாளரே தவறினர் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

எனவே மூலத் தத்துவத்திற்கு மீளுதல் என்பது ஆண்டுதோறும் டிசம்பரில் செங்கொடி ஏற்றுவதன்று. 1972இல் இழைத்த தவற்றைச் சிங்கள மக்கள் முன்னிலையில், சிங்களத்திலேயே ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். சமத்துவத்தை மறுக்கும் எவ்வரசாங்கத்திலும் பதவியேலாதிருத்தல் வேண்டும். வாக்குகளை இழக்கத் துணிந்த நாளிலேதான் அக்கட்சி வலிமையுற்றிருந்தது. அத்துணிவு மீளாதவரை, எத்தனை மகாநாடு கூடினும் பெயரில் மாத்திரமே சமசமாஜம் எஞ்சும்.