கஸ்டமர் கேர் நம்பர் தேடுறீங்களா? ‘சைட்’ போட்டுத் தேடுங்க!

யு.பி.ஐ.யில் அனுப்பிய 2,000 ரூபாய் போய்ச் சேரவில்லை. ஆனால், கணக்கில் பணம் குறைந்துவிட்டது. அந்தப் பதற்றத்தில் பலரும் வங்கியின் பெயரோடு ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று கூகுளில் தட்டி, முதலில் கண்ணில் படும் எண்ணுக்கு போன் போடுகிறார்கள். அது மோசடிக்காரர்கள் போட்டு வைத்த எண்ணாக இருந்தால், எதிர்முனையில் ‘சார், ஒரு ஆப் இன்ஸ்டால் பண்ணுங்க’ என்று குரல் வரும். மிச்சமிருந்த பணமும் காலி.

‘கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாமே’ என்று பாதிக்கப்பட்டவரையே குறை சொல்வது சுலபம். ஆனால், கவனமாக இருப்பது எப்படி என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

முதலில் வருவதெல்லாம் உண்மை இல்லை. ‘ஸ்பான்சர்டு’ என்று இருந்தால் அது காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். அதைத் தாண்டிப் போக ஒரு எளிய வழி, ‘சைட்’ கட்டளை. கட்டளைகளை ஆங்கில எழுத்தில் டைப் செய்யணும். முக்காற்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விடக் கூடாது.

வங்கியின் பெயரை அடித்து, பக்கத்தில் ‘சைட்:பேங்க்.இன்’ என்று சேர்த்தால், அந்த முகவரியில் முடியும் தளங்களில் மட்டுமே தேடும். இந்த முகவரி வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும். 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் இதற்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது. அதேபோல அரசு வேலை அறிவிப்பு உண்மைதானா என்று பார்க்க ‘சைட்:கவ்.இன்’ உதவும்.

இன்னும் சில கட்டளைகளும் கைகொடுக்கும். இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் அந்தச் சொற்களை அதே வரிசையில் தேடும். வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி இல்லாமல் மைனஸ் குறி போட்டால் அது இருக்கும் பக்கங்கள் விலகும். ‘ஃபைல்டைப்:பி.டி.எஃப்’ போட்டால் பி.டி.எஃப். கோப்புகள் மட்டும் வரும். ‘ஆஃப்டர்:2025’ போட்டால் பழைய தகவல்கள் ஒதுங்கிக்கொள்ளும்.

இது மந்திரக்கோல் இல்லை. கட்டளை போட்டாலும் விளம்பரம் எட்டிப் பார்க்கலாம். திறக்கும் பக்கத்தின் முகவரியை ஒரு தடவை படிப்பது நல்லது. வங்கி எண் என்றால் டெபிட் கார்டின் பின்பக்கமே இருக்கும்.

கல்லூரிகளில் எக்செல் கற்றுத் தருகிறார்கள், பவர்பாயின்ட் கற்றுத் தருகிறார்கள். தினமும் பத்து தடவை செய்கிற தேடலை யாரும் கற்றுத் தருவதில்லை. தேடுபொறி நிறுவனங்களும் இந்த வசதிகளைக் கண்ணில் படும்படி வைப்பதில்லை. அரை மணி நேர வகுப்பு போதும், பலருடைய சேமிப்பு தப்பிக்கும்.

அதுவரை, தெரிந்தவர்கள் வீட்டில் அம்மா, அப்பாவுக்கு இந்த ஒரு ‘சைட்’ கட்டளையையாவது சொல்லிக் கொடுக்கலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்கணும். அந்த எண்ணை கூகுளில் தேட வேண்டாம், இப்போதே போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.