குதிரை வாங்கியாச்சு, கடிவாளம் எங்கே?

பழைய 1987 மஸ்டாங் ஜிடி-யைக் கொடுத்துவிட்டு 2018 மாடல் எடுக்கும் அமெரிக்கரைப் பார்த்து "உயிரை வித்துட்டான்"னு புலம்பாதீங்க மக்களே. ரெண்டுமே 5 லிட்டர் வி8 தான். ஆனா பழசு 225 குதிரைத்திறன், பின்சக்கரத்துல டிரம் பிரேக். புதுசு 460, நாலு சக்கரத்துலயும் டிஸ்க். மாத்தினது சரி. (பழசோட சத்தம் தனி, அதை ஒத்துக்கிறேன்.)

எனக்குப் பிடிக்காதது அடுத்த வேலை: வண்டி வீட்டுக்கு வந்த வாரமே சூப்பர்சார்ஜர் மாட்டுவது. நம்ம ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் தானே? வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நாலு மடங்கு. அழுத்தி நிறுத்தும்போது அதில் பெரும்பகுதி பிரேக்கில்தான் வெப்பமாகிறது. அடிக்கடி அழுத்தி பிரேக் ஆயில் கொதித்தால் உள்ளே ஆவிக்குமிழி. குமிழி அமுங்கும், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது.

அதனால முதல் செலவு நல்ல டயர், அதிக வெப்பம் தாங்கும் பேட், புது பிரேக் ஆயில். இதுக்கெல்லாம் லைக் விழாதுதான். மிச்சக் காசுல சூப்பர்சார்ஜர் போடட்டும். ஈசியூ டியூனிங்கை மட்டும் தெரிஞ்ச ஆள்கிட்ட கொடுக்கணும். லோடுல பெட்ரோல் குறைஞ்சு காத்து அதிகமானா பிஸ்டனே உருகிடும்.