டார்வின் எங்கே போனார்? பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து பாருங்க!



திருநின்றவூரில் ஒரே தெருவில் இரண்டு பிள்ளைகள் பத்தாம் வகுப்பு படிக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் அரசுப் பள்ளி, இன்னொருவர் சிபிஎஸ்இ. அரசுப் பள்ளிப் பிள்ளையின் அறிவியல் புத்தகத்தில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்று தனிப் பாடமே இருக்கு. சிபிஎஸ்இ பிள்ளைக்கோ, முன்பு ‘மரபும் பரிணாமமும்’ என்றிருந்த பாடம் 2023 புத்தகத்தில் வெறும் ‘மரபு’. டார்வினைக் காணோம்!

கொரோனா, பாடச்சுமை என்று காரணம் சொன்னார்கள். கொரோனா போய் எவ்வளவு நாளாச்சு? பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கே என்கிறார்கள். அது உயிரியல் எடுக்கிற பிள்ளைக்கு. காமர்ஸ் எடுக்கிற பிள்ளைக்கு? 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். 2018-லேயே ஒன்றிய கல்வி இணை அமைச்சர் சத்யபால் சிங், டார்வின் சொன்னது தவறு, பாடத்தை மாற்றணும் என்று பேசியவர்தான். நமக்கு மறதி இல்லை.

எடுத்தது இது. சேர்த்தது என்ன தெரியுமா? விழுப்புரத்தில் பாலிடெக்னிக் படித்த நம்ம வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்து நிலவில் இறக்கியது சந்திரயான்-3. அதைப் பற்றி 2023 அக்டோபரில் என்சிஇஆர்டி வெளியிட்ட பாடத்தொகுப்பில், பறக்கும் ஊர்திகள் அந்தக் காலத்திலேயே நமக்குத் தெரியும், ‘வைமானிக சாஸ்திரம்’ சொல்கிறது என்று எழுதினார்கள். அந்த நூல் 1904-க்கு முந்தையதாக இருக்க முடியாது, அதில் உள்ள விமானம் பறக்கவே பறக்காது என்று பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஐந்து ஆய்வாளர்கள் 1974-லேயே சொல்லிவிட்டார்கள்.

இது ஒரு மதத்தின் வியாதி மட்டுமில்லை. அமெரிக்காவில் வீட்டிலேயே படிக்கும் கிறிஸ்தவப் பிள்ளைகள் பயன்படுத்திய ஒரு பாடநூலில், ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் ராட்சத விலங்கு இருக்காம், அதனால் பரிணாமம் பொய்யாம்! அங்கே அது தனியார் புத்தகம், வாங்குகிறவர் பாடு. இங்கே அரசாங்கமே அச்சடிக்கிறது.

பக்தியை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பூசலார் நாயனார் நெஞ்சுக்குள்ளேயே கோயில் கட்டிய ஊர் இது. அந்தக் கோயிலை சிவில் இன்ஜினியரிங் பாடத்தில் வை என்று ஊரில் யாராவது கேட்டதுண்டா?

தமிழ்நாட்டுப் பாடநூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பரிணாமப் பாடத்தை இறக்கி, பக்கத்து வீட்டு சிபிஎஸ்இ பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்க.