பேயா? கோழைத்தனமா? காயமா?

தீப்பிடித்த வீட்டிற்குள் ஓடுகின்றவனையும், ரோட்டில் நசுங்கிக் கிடப்பவனை வாரியெடுத்து ஆம்புலன்சில் ஏற்றுகின்றவனையும், தூக்கில் தொங்கும் பிணத்தை இறக்குகின்ற போலீஸ்காரனையும் பார்த்து நம் ஜனங்கள் "தெய்வம் போல் வந்தீர்கள்" என்று கும்பிடுகின்றார்கள். கும்பிட்டவுடன் தங்கள் கடமை தீர்ந்தது என்பது அவர்கள் எண்ணம். தெய்வத்துக்குப் பசி உண்டா, தூக்கம் உண்டா என்று யாரும் விசாரிப்பதில்லையல்லவா? ஆகையால் முதலில் இந்தத் தெய்வப் பட்டத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவனும் நம்மைப்போல் மனிதன் என்பதிலிருந்து ஆரம்பிப்போம்.

2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி கடல் புகுந்ததில் நாகப்பட்டினம் ஜில்லாவில் மாத்திரம் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். செத்தவர்களை எண்ணினோம், நிவாரணத் தொகையை எண்ணினோம். அந்தப் பிணங்களை எடுத்த கைகளை எண்ணினோமா? வெளியூர் முனிசிபாலிட்டிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளிகளைக் கொண்டுவந்து அழுகிய உடல்களை எடுக்கச் செய்தோமே, அவர்களுக்கு அன்றிரவு தூக்கம் வந்ததா என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

இப்படிப்பட்ட வேலை செய்தவர்களில் பலர் சில வாரங்களில் தாமாகவே தேறிவிடுகின்றார்கள். சிலர் தேறுவதில்லை. கண்ணை மூடினால் அதே காட்சி. கரிந்த வாடை பட்டால் அதே இடம். பாத்திரம் விழுந்தால் உடல் தூக்கிப் போடுகின்றது. அந்தத் தெருப் பக்கமே போக முடிவதில்லை. வீட்டில் பெண்டு பிள்ளைகள் மேல் காரணமில்லாத எரிச்சல். இதை 1980-ஆம் ஆண்டில் அமெரிக்க மனோவியாதி வைத்தியர் சங்கம் தன் பட்டியலில் தனி நோயாகவே சேர்த்துவிட்டது. இதற்குச் சிகிச்சையும் உண்டு, குணமும் உண்டு.

நம் நாட்டிலோ இதற்குப் பெயர் "காத்துக் கருப்பு". பிணத்தைத் தொட்டான், ஆவி பிடித்தது என்று சொல்லிப் பூசாரியிடம் வேப்பிலை அடி, தர்காவில் மந்திரித்த கயிறு, பாதிரியிடம் ஜெபம். நாம் ஒன்று கேட்கின்றோம். பிணத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் டாக்டருக்குத் தூக்கம் கெட்டால் அது வேலைப்பளு. அதே பிணத்தைத் தூக்கிக்கொடுத்த தொழிலாளிக்குத் தூக்கம் கெட்டால் அது பேய்! பேயும் சம்பளப் பட்டியலைப் பார்த்துத்தான் பிடிக்குமோ? இந்தப் பேய் வைத்தியத்தின் யோக்கியதையை 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி ஏர்வாடியில் பார்த்தோம். சங்கிலியில் கட்டிவைத்திருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் தீக்கு இரையானார்கள். எந்த மதத்தின் பேரால் கட்டினாலும் சங்கிலி சங்கிலிதான்.

இதற்கு அடுத்தபடியான வைத்தியம் சாராயம். "அந்த ஜாதிக்கு இதெல்லாம் பழக்கம்" என்று சொல்லிப் பிணவேலையை ஒரு சாரார் தலையில் கட்டுவது. பழக்கமில்லாமல் அவன் திணறினால் குடித்துவிட்டு வரச்சொல்வது. குடித்தபின் "குடிகாரன்" என்று ஏசுவது. இதைவிடப் பெரிய அயோக்கியத்தனம் வேறு என்ன இருக்கின்றது?

கீதையை எடுத்துக்காட்டி தைரியம் சொல்ல வருவார்கள். போர்க்களத்தில் அர்ஜுனனுக்கு உடல் நடுங்கி வில் நழுவிற்றாம். கிருஷ்ணன் செய்த வைத்தியம் என்ன? ஆத்மாவுக்குச் சாவில்லை, ஆகவே கொல்லு என்பதுதான். நடுங்கியவன் ஏன் நடுங்கினான் என்று விசாரிக்காமல், மறுபடியும் வேலைக்கு அனுப்புவதற்குப் பெயர் வைத்தியமா? வெள்ளைக்காரனும் இதற்கு இளைத்தவனல்ல. 1914 முதல் 1918 வரை நடந்த யுத்தத்தில், ஓடிப்போனவர்கள், கோழைகள் என்றெல்லாம் குற்றஞ்சாட்டி பிரிட்டிஷ் சேனையில் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்கு 2006-இல்தான் மன்னிப்பு வழங்கினான். அவர்களில் மனம் நொறுங்கியிருந்தவர்களும் உண்டு. செத்தவன் மன்னிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

சட்டத்தைப் பார்ப்போம். 1923-இல் ஏற்பட்ட தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில், கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 30 பங்கு போனதாகக் கணக்குப் போட்டிருந்தார்கள். கை, கால், கண், காது எல்லாவற்றிற்கும் இடமிருந்தது. மனதுக்கு அந்த அட்டவணையில் இடமில்லை. கானடா தேசத்து ஒண்டாரியோ மாகாணத்தில் 2016-இல் செய்த சட்டத்தைப் பாருங்கள். தீயணைப்போர், போலீசார், ஆம்புலன்ஸ் ஊழியர் ஆகியவர்களுக்கு இந்த நோய் வந்தால், வேறு காரணம் ருஜுவானாலன்றி, அது உத்தியோகத்தால் வந்ததென்றே கொள்ளவேண்டுமென்பது அந்தச் சட்டம். அங்கே ஒப்புக்கொள்ளப்பட்ட காயம், கடல் தாண்டி இங்கு வந்தவுடன் எப்படிப் பேயாகின்றது?

"2017-இல் மனநலச் சட்டம் வந்திருக்கின்றது, 2022 முதல் 14416 என்ற இலவச டெலிபோன் இருக்கின்றது" என்பார்கள். இருப்பது நல்லதே, நாம் மறுக்கவில்லை. ஆனால் சொன்னால் டிரைவர் வேலை போகும், துப்பாக்கியைப் பிடுங்குவார்கள், "பைத்தியம்" என்று பேர் வரும் என்று பயப்படுகின்றவன் டெலிபோனைத் தொடுவானா? ஒருநாள் உட்காரவைத்து நடந்ததைச் சொல்லச் சொல்லியோ, சாமியாரைக் கூட்டிவந்து மூச்சுப் பிடிக்கச் சொல்லியோ கணக்கை முடிப்பதும் உதவாது. ஒரேமுறை இப்படிப் பேசவைப்பது நோயைத் தடுப்பதில்லையென்று 2002-இலேயே ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே வேண்டியது இவைதாம்: கோரமான வேலைக்குப் பின் சம்பளத்தோடு ஓய்வு, மேலதிகாரிக்குச் செய்தி போகாத தனி வைத்தியர், நோய் தீரும்வரை சர்க்கார் செலவில் சிகிச்சை, வேலை போகாதென்ற உத்தரவாதம், இதை உத்தியோகக் காயமென்று ஒப்புக்கொள்ளும் சட்டம். இவை சீருடைக்காரனுக்கு மாத்திரமல்ல, ஒப்பந்தக்கூலிக்குப் பிணமெடுக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் சேரவேண்டும்.

தோழர்களே! தூக்கமில்லாதது உங்கள் தலைவிதியுமல்ல, கோழைத்தனமுமல்ல. கால் முறிந்தவன் வெட்கப்படுகின்றானா? கூலி உயர்வு கேட்கும் தீர்மானத்திலேயே இதையும் சேர்த்து எழுதுங்கள். பிச்சையாக அல்ல, பாக்கியாகக் கேளுங்கள்.