'ஐ ஆம் நோயிங்' தப்புன்னு உங்க தமிழுக்கே தெரியும்!

மீட்டிங்கில் மேனேஜர் கேட்கிறார்: "ஹூ நோஸ் திஸ் மாட்யூல்?" நம்ம ஆள் ஒருவர் சட்டென்று, "ஐ ஆம் நோயிங் சார்" என்கிறார். இரண்டு பேர் மைக்கை மியூட்டில் போட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். அந்த மாட்யூல் உண்மையிலேயே தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆனால், அடுத்த மீட்டிங்கிலிருந்து அவர் வாயே திறப்பதில்லை.

இவரைப் போன்றவர்களுக்கு எல்லோரும் கொடுக்கும் அட்வைஸ் ஒன்று உண்டு: "தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல பேசாதே. இங்கிலீஷ்லயே யோசி." இந்த விஷயத்தில் அது தப்பான அட்வைஸ் என்பேன். தமிழில் ஒழுங்காக யோசித்திருந்தால் இந்தப் பிழையே வந்திருக்காது.

எப்படி என்று பாருங்கள். "எனக்குத் தெரியும்" என்கிறோம். "எனக்குத் தெரிஞ்சுட்டிருக்கு" என்று யாராவது சொல்வோமா? "டீ பிடிக்கும்" சரி, "டீ பிடிச்சுட்டிருக்கு" என்றால் எதிரில் இருப்பவர் விழிப்பார். "லீவு வேணும்" என்பதை "லீவு வேண்டிட்டிருக்கேன்" என்றால் சாமியிடம் வேண்டுதல் வைத்த மாதிரி ஆகிவிடும்!

ஆங்கிலத்திலும் இதே கதைதான். எழுதுவது, ஓடுவது, சமைப்பது எல்லாம் செயல்கள். அவற்றுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. நடுவில் நின்று "செய்துகொண்டிருக்கிறேன்" என்று சொல்லலாம், அதனால் 'இங்' வரும். தெரிவது, பிடிப்பது, தேவைப்படுவது எல்லாம் நிலைகள். இவற்றைத்தான் 'ஸ்டேட்டிவ் வெர்ப்' என்கிறார்கள். வழக்கமாக இவற்றுக்கு 'இங்' சேர்ப்பதில்லை.

பிறகு ஏன் தப்பு வருகிறது? 'இப்போ நடக்குதுன்னா இங் போடு' என்று டேபிள் போட்டு மனப்பாடம் செய்ததால்தான் என்று நினைக்கிறேன். இப்போது தெரிகிறது, அதனால் 'நோயிங்'. ஃபார்முலாவின்படி அது சரிதானே!

டேபிளை விட்டுவிட்டு இந்த டெஸ்ட்டைப் போட்டுப் பாருங்கள். தமிழில் அந்த வாக்கியம் 'நான்' என்று தொடங்காமல் 'எனக்கு' என்று தொடங்கினால், பெரும்பாலும் 'இங்' வேண்டாம்.

எனக்குத் தெரியும் – ஐ நோ.
எனக்கு வேணும் – ஐ வான்ட்.
எனக்குப் புரியுது – ஐ அண்டர்ஸ்டாண்ட்.
எனக்கு ஞாபகம் இருக்கு – ஐ ரிமெம்பர்.
எனக்கு ஒரு டவுட் இருக்கு – ஐ ஹேவ் எ டவுட்.

இது நூற்றுக்கு நூறு சரியாக வரும் என்று சொல்ல மாட்டேன். 'நான் நம்புறேன்' என்றாலும் 'ஐ பிலீவ்'தான். 'எனக்கு வலிக்குது' என்பதற்கு 'மை லெக் ஹர்ட்ஸ்', 'மை லெக் இஸ் ஹர்ட்டிங்' இரண்டுமே ஓகே.

ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருந்தாலும் தமிழ் கைகொடுக்கும். 'ஐ திங்க்' என்றால் 'நினைக்கிறேன்', அது என் கருத்து. 'ஐ ஆம் திங்கிங்' என்றால் 'யோசிச்சுட்டிருக்கேன்', இன்னும் முடிவெடுக்கவில்லை. 'ஐ ஹேவ் எ கார்' என்றால் கார் இருக்கு. 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' என்றால் சாப்பிட்டுட்டிருக்கேன்.

தமிழ் காலை வாரும் இடங்களும் உண்டு. "தினமும் ஆறு மணிக்கு எழுந்திருப்பேன்" என்று பழக்கத்தை எதிர்கால வடிவில் சொல்கிறோம். அதை அப்படியே 'ஐ வில் கெட் அப்' என்று மாற்றினால், இனிமேல்தான் எழப்போவதாக அர்த்தம் வரலாம். பழக்கத்துக்கு 'ஐ கெட் அப்' போதும். அதேபோல, பத்து வருஷமாக ஒரே கம்பெனியில் இருப்பவரும் "வேலை பார்த்துட்டிருக்கேன்" என்பார். இன்டர்வியூவில் 'ஐ ஆம் வொர்க்கிங்' என்றால் தற்காலிக வேலையோ என்று கேட்பவர் நினைக்கலாம். நிரந்தர வேலைக்கு 'ஐ வொர்க்' என்பதே தெளிவு.

அர்த்தம் மாறும் இடத்தில்தான் உண்மையான கவனம் தேவை. 'தி ஆப் இஸ் கிராஷிங்' என்று டிக்கெட் போட்டால், இந்த நேரத்தில் பிரச்சினை ஓடுகிறது என்று டீம் பதறும். 'தி ஆப் கிராஷஸ் வென் ஐ அப்லோட் எ ஃபோட்டோ' என்றால், ஃபோட்டோ ஏற்றும்போதெல்லாம் அப்படி ஆகிறது என்று புரியும். எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

'நோயிங்' அப்படியில்லை. அதனால் யாருக்கும் அர்த்தம் கெடவில்லை. 2003-இல் மெக்டொனால்ட்ஸ் தன் விளம்பர வாசகத்தில் 'லவ்' என்ற வெர்புக்கே 'இங்' சேர்த்தது. அது ஸ்டைல் ஆனது. நம்ம ஆள் சொன்னால் மட்டும் ஜோக்கா?

திருத்திக்கொள்வோம், தப்பில்லை. ஆனால், 'இங்' ஒன்றுக்காக, விஷயம் தெரிந்த ஒருவர் வாயை மூடிக்கொண்டால் நஷ்டம் அவருக்கு மட்டுமல்ல, அந்த டீமுக்கும்தான். அடுத்த முறை பக்கத்து சீட்டில் இருப்பவர் 'ஐ ஆம் நோயிங்' என்றால் சிரிக்காதீர்கள். மீட்டிங் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, "தமிழ்ல தெரிஞ்சுட்டிருக்குன்னு சொல்வியா?" என்று மட்டும் கேளுங்கள். மீதியை அவரே பிடித்துக்கொள்வார்.