அல்சூரின் பாதுகாப்பும் காவலரின் வேலை நேரமும்

கர்நாடகக் காங்கிரஸ் அரசு 2025 ஜூலையில் ‘மனெ மனெகெ போலீஸ்’, அதாவது வீடுதோறும் காவலர் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. காவல் நிலைய எல்லைக்குள் உள்ள வீடுகளைச் சிறு தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு காவலரைப் பொறுப்பாக்குவதும், அவர் வீடு வீடாகச் சென்று குறைகளைக் கேட்டறிவதும் அதன் சாரம். நோக்கம் வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்தக் காவலருக்கு அதற்கான நேரம் எங்கே, எந்த வீடுகளுக்கு அவர் முதலில் செல்வார், கேட்டறிந்தவற்றுக்கு யார் பொறுப்பேற்பார்கள் என்னும் கேள்விகளுக்கு அரசு விடை கூற வேண்டும்.

பெங்களூருவின் அல்சூர் போன்ற பகுதியில் இக்கேள்விகள் இன்னும் கூர்மையானவை. 1809இல் பிரிட்டிஷார் இராணுவக் குடியிருப்பை நிறுவிய பின்னர்த் தமிழ் உழைப்பாளிகள் பெருமளவில் வந்து குடியேறிய வட்டாரம் இது. இன்று அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளும் வணிக வளாகங்களும் ஒருபுறம். வீட்டுவேலை செய்யும் பெண்கள், தூய்மைப் பணியாளர்கள், தெருவோர வியாபாரிகள், ஆட்டோ ஓட்டுநர்கள் வாழும் நெருக்கமான சந்துகள் மறுபுறம். காவிரிப் பிரச்சனையை இனவெறியாக்கி 1991 டிசம்பரில் நடத்தப்பட்ட வன்முறையையும், 2016 செப்டம்பர் 12 அன்று பேருந்துகள் எரிக்கப்பட்டதையும் பெங்களூருத் தமிழ் மக்கள் மறந்துவிடவில்லை. பாதுகாப்பு என்ற சொல்லுக்கு அவர்களிடம் வாழ்ந்து பெற்ற பொருள் உண்டு.

காவல்துறையின் ஆள் பற்றாக்குறை பற்றிப் பேசும்போதெல்லாம் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களும் காலியிடங்களும் மட்டுமே கணக்கிடப்படுகின்றன. நிரப்பப்பட்ட பணியிடங்களிலும் எத்தனை பேர் தமது வட்டாரத்தில் ரோந்து செல்ல எஞ்சுகிறார்கள் என்பதே உண்மையான கணக்கு. நீதிமன்றப் பணி, சம்மன் வழங்கல், முக்கியப் புள்ளிகளின் வருகை, ஊர்வலம், விளையாட்டுப் போட்டி என ஒவ்வொன்றுக்கும் காவல் நிலையத்திலிருந்தே ஆட்கள் எடுக்கப்படுகின்றனர். மிஞ்சிய சிலரே பகலிரவு பாராமல் நிலையத்தை நடத்துகின்றனர். காவல் நிலைய ஊழியர்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தினர் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்வதாக 2014இல் காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணியகத்துக்காக நடத்தப்பட்ட தேசிய அளவிலான ஆய்வு கண்டறிந்தது. 2019இல் வெளியான மற்றோர் ஆய்வு, சராசரி வேலை நேரம் 14 மணி என்றது.

இதற்கு எதிராகக் குரல் எழுப்பியவர்களுக்குக் கிடைத்த பதில் என்ன? ஊதியம், விடுப்பு, வேலை நேரம், மேலதிகாரிகளின் கொடுமை ஆகியவற்றை முன்வைத்து 2016 ஜூன் 4 அன்று கூட்டு விடுப்பு எடுக்கக் கர்நாடகக் காவலர்கள் திட்டமிட்டனர். அன்றைய காங்கிரஸ் அரசு அத்தியாவசியப் பணிகள் சட்டத்தை ஏவியது. சங்கத் தலைவர் மீது தேசத்துரோக வழக்குத் தொடுத்தது. பின்னர் ஊதியத்தில் ஓரளவு திருத்தம் வந்தது. ஆனால் எட்டு மணி நேர வேலை என்னும் கோரிக்கை நிறைவேறவில்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, அதே ஜூன் 4 அன்று, அல்சூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள சின்னசாமி விளையாட்டரங்க வாயில்களில் 11 பேர் நெரிசலில் சிக்கி உயிரிழந்தனர். முந்தைய இரவு முழுதும் தெருக்களில் வெற்றிக் கொண்டாட்டம். மறுநாளே விதான சவுதாவில் அரசு விழா, விளையாட்டரங்கில் தனியார் அணியின் விழா. ஏற்பாடு செய்ய அவகாசமே தராமல் ஒரு வணிக நிறுவனத்தின் கொண்டாட்டத்துக்கு மாநகரக் காவல் படை திருப்பிவிடப்பட்டது. காவல்துறையின் முன்னுரிமைகளை யார் வகுக்கிறார்கள் என்பதை அந்த நாள் தெளிவாகக் காட்டியது.

ஆள் பற்றாக்குறைக்கு மாற்றாகக் கேமராக்களை முன்னிறுத்துவது இன்னொரு போக்கு. பாஜக ஆட்சியிலும் அதன் பின்னரும் நிறைவேற்றப்பட்ட ‘பாதுகாப்பான நகரம்’ திட்டத்தின் மதிப்பு சுமார் 667 கோடி ரூபாய். நிர்பயா நிதியைக் கொண்டு 7,000க்கும் மேற்பட்ட கேமராக்கள் பொருத்தப்பட்டன. நடந்து முடிந்த குற்றத்தைத் துப்பறியக் கேமரா உதவக்கூடும். அதிகாலையில் வேலைக்குச் செல்லும் பெண்ணைப் பின்தொடர்பவனை அது தடுத்து நிறுத்தாது. புகார் கொடுக்க வருபவரை உட்கார வைத்துக் கேட்கும் ஒரு பெண் காவலருக்கும் அது ஈடாகாது. நாட்டின் காவல் படையில் பெண்கள் இன்னமும் சுமார் 12 சதவீதமே. எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா பொருத்த வேண்டுமென 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தெருவைக் கண்காணிப்பதில் காட்டும் அக்கறையை, விசாரணை அறையைக் கண்காணிப்பதிலும் அரசுகள் காட்டியாக வேண்டும்.

மக்கள் பங்கேற்பு என்பதும் எச்சரிக்கையோடு அணுக வேண்டிய சொல். தமிழ்நாட்டில் 1993இல் தொடங்கிய ‘காவல்துறை நண்பர்கள்’ அமைப்பு, பொறுப்புக்கூறல் இல்லாத அதிகாரத்தைத் தன்னார்வலர்களுக்குத் தந்தது. சாத்தான்குளம் படுகொலைகளையடுத்து, 2020 ஜூலையில் அதற்குத் தடை விதிக்க நேர்ந்தது. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2008இல் 20 காவல் நிலையங்களில் தொடங்கிய ‘ஜனமைத்ரி’ திட்டமோ, குறிப்பிட்ட வட்டாரத்துக்கு நிலையான ரோந்துக் காவலரையும் மக்கள் குழுவையும் அமைத்தது. 2011ஆம் ஆண்டின் கேரளக் காவல் சட்டம் அத்தகைய குழுவுக்குச் சட்ட வடிவம் அளித்தது. அங்கே காவலர்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட சங்கமும் உண்டு. கேரளக் காவல்துறை குறைகளற்றது என்பதல்ல இதன் பொருள். குறைகளைத் தட்டிக் கேட்கச் சட்டப்படியான இடம் இருப்பது அவசியம் என்பதே.

பெங்களூருவில் அந்த இடம் இல்லாமலே போனது. மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்ட 2025 செப்டம்பர் வரை தேர்தல் நடத்தப்படவே இல்லை. தெருவிளக்கு எரியாவிட்டாலும், வியாபாரியிடம் மாமூல் கேட்கப்பட்டாலும், கேள்வி எழுப்ப அந்த ஆண்டுகளில் அல்சூருக்கு ஒரு வார்டு உறுப்பினர்கூட இருக்கவில்லை.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உள்ளூர்ப் பணியில் இருப்போரின் எண்ணிக்கையை மாதந்தோறும் வெளியிட வேண்டும். எட்டு மணி நேர வேலையும் வார விடுப்பும் சங்கம் வைக்கும் உரிமையும் வேண்டும். தனியார் வணிக நிகழ்ச்சிகளுக்காக வட்டாரக் காவலர்களை இழுத்துச் செல்வது நிறுத்தப்பட வேண்டும். 2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டவாறு, விசாரணைப் பணியைச் சட்டம் ஒழுங்குப் பணியிலிருந்து பிரிக்க வேண்டும். காவல் நிலைய மக்கள் குழுக்களில் குடியிருப்போர் நலச் சங்கங்களோடு வீட்டுப் பணியாளர்களும் தெருவோர வியாபாரிகளும் சிறுபான்மையினரும் இடம்பெற வேண்டும்.

காவலரின் சோர்வும் உழைப்பாளியின் அச்சமும் ஒரே கொள்கையின் விளைவுகள். இதைத் தமிழ், கன்னடம், உருது பேசும் மக்களிடம் ஒருசேர எடுத்துச் சொல்லும் பொறுப்பு கட்சிக் கிளைகளுக்கு உண்டு. இனவெறியர்கள் மீண்டும் காவிரியின் பெயரால் தெருவுக்கு வரும் நாளில், அல்சூரின் சந்துகளைக் காப்பதில் அந்த ஒற்றுமைக்கும் பெரும் பங்கு இருக்கும்.