மூத்த ஆட்டக்காரரை விடுவதா, வைத்திருப்பதா?

எமது கல்லூரியின் விழாவை ஒட்டி நடைபெறவுள்ள கரப்பந்தாட்டப் போட்டிக்குப் பழைய மாணவர் அணியைத் தெரிவு செய்யக் கூடியிருந்த வேளையில் ஒரு சிறு சொற்போர் மூண்டது. பந்தை அளவறிந்து உயர்த்திக் கொடுப்பதில் ஒரு காலத்தில் தீவகம் எங்கும் பெயர் பெற்றிருந்த பழைய மாணவர் ஒருவர் இப்போது அறுபதை அணுகுகின்றார். அவரை அணியிற் சேர்ப்பதா, விடுவதா என்பதே வழக்கு. அவர் முன்னாளில் ஆடிய ஆட்டத்துக்கு நன்றியாகச் சேர்க்க வேண்டும் என்றார் ஒருவர். வெற்றி வேண்டுமாயின் இளையோரே வேண்டும் என்றார் மற்றொருவர். பெயரைப் பட்டியலில் எழுதிவிட்டு ஓரத்தில் இருத்திவிடலாம் என்று சமரசம் பேசியவரும் உண்டு. கூடியிருந்தோர் நால்வர்; உரைக்கப்பட்ட கருத்துகளோ ஐந்து. ஆயினும், அவரையே ஒரு வார்த்தை கேட்போம் என்று சொன்னார் ஒருவருமிலர். நாமும் சொல்லவில்லை என்பதை ஈண்டு ஒப்புக்கொள்ளல் கடன்.

வீடு திரும்பும் வழியில், கடந்த ஆண்டு கோயில் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த பழைய மாணவர் ஒருவருக்கும் அவர் மகனுக்கும் எம் முன்னிலையில் நிகழ்ந்த வாதம் நினைவில் எழுந்தது. கைல் லௌரி என்னும் கூடைப்பந்தாட்ட வீரரைப் பற்றியது அது. இவ்வூரிற் பிறந்த தந்தையும் அவ்வூரிற் பிறந்த மகனும் ஒரே மனத்தராய் உட்காரும் இடம் தொலைக்காட்சியில் றப்ரேர்ஸ் அணியின் ஆட்டம் நடக்கும் இடமே என்று அவர் சொன்னார். அவ்விடத்திலும் இந்த ஒரு பொருளில் இருவருக்கும் ஒற்றுமை இல்லை. நிகழ்ச்சி முடிந்து ஆண்டுகள் பல கழிந்தும் வழக்கு முடிந்தபாடில்லை.

கூடைப்பந்தாட்டத்தை அறியாத அன்பர்களுக்காக அமெரிக்க வழமையைச் சிறிது விளக்குவோம். அங்கு ஒரு வீரர் அணியொன்றுடன் செய்துகொண்ட உடன்படிக்கையை அவ்வணி இன்னோர் அணிக்குக் கைமாற்றிவிடலாம். மிகச் சிலரே தம் இசைவின்றி மாற்றலாகாது என்று உடன்படிக்கையில் எழுதுவித்துக் கொண்டவர்கள். ஏனையோரின் விருப்பு வெறுப்பு கேட்கப்படுவதில்லை. காலையில் ஓர் ஊர் வீரராய் விழித்தெழுந்தவர் மாலையில் வேறோர் ஊர் வீரராவது அங்கு வியப்பன்று. இக்கைமாற்றுக்கு ஆண்டுதோறும் ஒரு கடைசி நாள் குறிக்கப்படும். அந்நாள் கழிந்தபின், உடன்படிக்கை முடியும் தறுவாயில் உள்ள வீரர் கோடையில் தம் விருப்பப்படி எங்கும் செல்லலாம். பழைய அணிக்கு ஈடாக ஒன்றும் கிடையாமலும் போகலாம்.

இந்நிகழ்ச்சியை நம் செய்தித்தாள்கள் 'பரிமாற்றம்' என எழுதுகின்றன. தமிழ் கற்பிப்போர் என்ற முறையில் எமக்குப் 'பண்டமாற்று' என்னும் பழஞ்சொல்லே பொருத்தமாகத் தோன்றுகின்றது. உப்பைக் கொடுத்து நெல்லைக் கொண்ட நெய்தல் நில மாந்தரைச் சங்கச் செய்யுள்கள் பாடுகின்றன. அங்கே நெல்லும் பேசாது, உப்பும் பேசாது. கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்து வாழ்ந்த புங்குடுதீவாருக்கு வணிகம் இழுக்கன்று. நாமும் அதனை இழித்துரைக்க வரவில்லை. பண்டத்துக்கு வாய் இருந்தால் வணிகன் என்ன செய்வான் என்பதே எமது கேள்வி.

லௌரி 2012ஆம் ஆண்டு ஹூஸ்ரன் அணியிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்தார். ஆறடி உயரமே உடையவர். நெடியோர் காட்டில் குறியவர். 2019 யூன் 13ஆம் நாள் ஓக்லண்ட் நகரில் கோல்டன் ஸ்ரேற் வோறியர்ஸ் அணியை 114 - 110 என வென்று றப்ரேர்ஸ் அணி முதன்முதலாக வாகை சூடிய ஆட்டத்தில், தம் அணியின் முதல் எட்டுப் புள்ளிகளையும் அவரே பெற்றார். ஆட்டம் முடிகையில் அவர் கணக்கில் 26 புள்ளிகள் இருந்தன. அன்று ரொறன்ரோ வீதிகளில் எம்மூர்ப் பிள்ளைகளும் நின்று ஆர்ப்பரித்தனர் என்று அப்பழைய மாணவர் கண் பனிக்கக் கூறினார்.

இரண்டே ஆண்டுகளில் நிலை மாறிற்று. பெருந்தொற்றினால் எல்லை மூடப்பட்டமையால் 2020-21 பருவம் முழுவதும் அவ்வணி சொந்த நகரில் ஆடவியலாது புளோரிடாவின் ராம்பா நகரில் தங்கி ஆடிற்று. 27 ஆட்டங்களில் வென்று 45இல் தோற்றது. (ஊர் பெயர்ந்தவர் படும் பாட்டை எமக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.) அப்பருவத்தின் கைமாற்றுக் கடைசி நாள் 2021 மார்ச் 25. அன்றே லௌரிக்கு முப்பத்தைந்தாவது பிறந்தநாள். அதற்கு முதல்நாள் இரவு, தொடர்ந்து ஒன்பது ஆட்டங்களில் தோற்றிருந்த அணி டென்வர் அணியை 135 - 111 என வென்றது. அதுவே ரொறன்ரோ வீரராக அவர் ஆடும் கடைசி ஆட்டம் எனப் பலரும் எண்ணினர். மயாமி, பிலடெல்பியா, லொஸ் ஏஞ்சலிஸ் ஆகிய நகரங்களின் பெயர்கள் அடிபட்டன.

மகனின் வாதம் இது: அணி தோற்றுக்கொண்டிருக்கின்றது, கோடையில் அவர் போகத்தான் போகின்றார், போகப்போகின்ற ஒருவரை மார்ச்சிலே கொடுத்து இளைஞர் ஒருவரையோ வருங்காலத் தெரிவு உரிமையையோ பெறாதது பேதைமை. தந்தையின் மறுமொழி: வாகை சூட்டியவரைப் பிறந்தநாளன்று சந்தையில் நிறுத்துவது நன்றிகெட்ட செயல். மகன் எண்களைக் காட்டினான். தந்தை 2019ஐக் காட்டினார். ஒருவர் வரவிருப்பதை அளந்தார். மற்றவர் வந்துபோனதை அளந்தார். இருவர் வாதத்திலும் லௌரி வாயில்லாப் பண்டமாகவே இருந்தார்.

அன்று அவர் மாற்றப்படவில்லை. அவருடன் ஆடிய நோர்மன் பவல் போட்லண்ட் அணிக்கு மாற்றப்பட்டார், லௌரி எஞ்சினார். ஏறத்தாழ மூன்று கோடி டொலர் ஊதியம் பெறுபவரைப் பெறும் அணி அதற்கு ஒத்த ஊதியமுடைய வீரரைத் திருப்பித் தரவேண்டும் என்னும் விதியும், மற்ற அணிகள் கொடுக்க முன்வந்தது போதாமையும் அதற்குக் காரணமாயிருக்கலாம். அதனை அணியின் பெருந்தன்மை என்று முழுதும் புகழ்வதற்கில்லை. ஆயினும் மார்ச்சிலிருந்து ஆகத்து வரை காத்திருந்ததனால் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. அதனையே தந்தையும் மகனும் காணத் தவறினர். மார்ச்சில் அவரை அனுப்ப அவர் கையெழுத்து வேண்டியதில்லை. ஆகத்திலோ பழைய உடன்படிக்கை முடிந்துவிட்டது. அவர் புதிய உடன்படிக்கையில் ஒப்பமிட்டால் அன்றி ஒரு காரியமும் நடவாது. அவர் மயாமியை விரும்பினார். இரு அணிகளும் பேசி, அவர் ஒப்பமிட, மூன்றாண்டு உடன்படிக்கையுடன் அங்குச் சென்றார். ஈடாகக் கோரன் டிராகிச் என்னும் மூத்தவரும் பிறெஷஸ் அச்சுவா என்னும் இளைஞரும் ரொறன்ரோவுக்கு வந்தனர். மகன் அஞ்சியது போல அணி வெறுங்கையாய் நிற்கவில்லை. தந்தை அஞ்சியது போல வீரர் விற்கப்பட்டவராய்ப் போகவும் இல்லை.

இவ்விடத்தில் மகன் எழுப்பிய தடை வலியது. அதனை மறைத்தல் அறமன்று. 2018இல் அதே அணி, லௌரியின் உற்ற நண்பரும் ஒன்பது பருவம் அவ்வணிக்கே ஆடியவருமான டிமார் டிறோசனை அவர் இசைவின்றியே கொடுத்துக் கவாய் லெனாட்டைப் பெற்றது. டிறோசன் மனம் நொந்தார். அணித் தலைவர் மசாய் உஜிரி வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்தார். அடுத்த ஆண்டே கிண்ணம் வந்தது! கேட்டுக்கொண்டிருந்தால் வந்திருக்குமா என்றான் மகன். வந்திராது என்றே நாமும் கருதுகின்றோம். கேட்பதற்கு ஒரு விலை உண்டு.

அவ்விலை சில வேளை மிகப் பெரிது. லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்கு இருபது பருவம் ஆடிய கோபி பிறையன்ற், 2015-16ஆம் பருவத்துடன் ஓய்வதாகத் தாமே அறிவித்து அதுவரை ஆடினார். கடைசி ஆட்டத்தில் 60 புள்ளிகள் எடுத்தார்; உலகம் கைகொட்டிற்று. ஆனால் அப்பருவத்தில் அவ்வணி வென்றவை 17, தோற்றவை 65. அவ்வணியின் வரலாற்றில் அத்துணை இழிந்த பருவம் அதற்கு முன் இல்லை. முதியவரைக் கேட்டால் அவர் என்றும் "ஆடுவேன்" என்றே சொல்வார் என்று அஞ்சுவோர்க்கு இஃது ஒரு சான்று. எனினும் மறுபுறத்தையும் காண்க. 2013இல் பொஸ்ரன் செல்ற்றிக்ஸ் அணி போல் பியேர்ஸ், கெவின் கானற் ஆகிய மூத்தோர் இருவரையும் புறூக்ளின் அணிக்கு மாற்றிற்று. கானற்றின் உடன்படிக்கையில் அவர் இசைவு வேண்டும் என எழுதியிருந்தது. கேட்டனர், முப்பத்தேழு வயதினரான அவர் எண்ணிப் பார்த்து இசைந்தார். அதில் கிடைத்த தெரிவு உரிமைகளின் வழியே வந்த ஜெய்லன் பிறவுணும் ஜேசன் ரேற்றமும் 2024இல் பொஸ்ரனுக்கு மீண்டும் வாகை சூட்டினர். ஆகவே, கேட்டால் காரியம் கெடும் என்பது எப்போதும் உண்மையன்று.

எமது மாணவர்க்கோ கூடைப்பந்தினும் துடுப்பாட்டமே உயிர். சென்னை சுப்பர் கிங்ஸ் அணி 2025 நவம்பரில் இரவீந்திர ஜடேஜாவை ராஜஸ்தான் அணிக்குக் கொடுத்துச் சஞ்சு சாம்சனைப் பெற்றபோது வகுப்பறைகள் இரண்டுபட்டன. 2023 இறுதியாட்டத்தின் கடைசி இரு பந்துகளில் ஒரு ஆறும் ஒரு நான்கும் அடித்து அவ்வணிக்குக் கிண்ணம் ஈட்டியவர் ஜடேஜா. அவருக்கு வயது முப்பத்தாறு; முதுமையடைந்தார் எனக் கொடுத்தது சரியே என்றனர் சிலர். அவர்களே நாற்பத்து நான்கு வயதினரான தோனி விலகலாகாது என்று கூக்குரலிட்டவர்கள்! வயதே அளவுகோல் என்பது வாய்ப்பேச்சு. அளவுகோல் வேறெங்கோ இருக்கின்றது. ஒன்றை மாத்திரம் கூறுவோம்: அத்துடுப்பாட்டத் தொடரின் விதிப்படி வீரரின் இசைவின்றிக் கைமாற்று இல்லை. இவ்விடயத்தில் அமெரிக்கரிலும் அவ்விதி மேலானது.

வயதைத் தனியே வைத்து அளப்பது பிழை என்பதற்குக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. புன்னாலைக்கட்டுவனுக்குப் போனாற் போதும். வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் அவ்வூரவர். ஆறடி பத்தங்குல உயரமுடையவர். கூடைப்பந்தின் வழிப்பிறந்த அவ்வாட்டத்தில் வளையம் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் நிற்கும், பின்பலகை கிடையாது, பந்தைக் கையில் ஏந்தியவர் ஓடலாகாது, தடுப்பவர் மூன்றடி விலகியே நிற்றல் வேண்டும். எனவே வளையத்தருகே நிற்கும் நெடியவர் ஒருவர் கைக்குப் பந்து சேர்ந்துவிட்டால் அதனைத் தடுப்பது அரிதினும் அரிது. முதுமை கால்களின் விரைவைக் குறைக்கும். உயரத்தையும் கைப்பழக்கத்தையும் எளிதிற் குறையாது. 2009இல் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்ற அணியில் இருந்த அவர், பின்பு சில காலம் அணிக்கு வெளியே இருந்து, 2018இல் மீண்டும் அழைக்கப்பட்டார், இசைந்து வந்தார். சிங்கப்பூரில் இலங்கை அணி ஓராட்டமேனும் தோலாது கிண்ணத்தைக் கைக்கொண்டது. 2022இல், நாற்பது வயது கடந்த பின்பும், அவர் ஆட மீண்டும் வென்றது. முதியவர் எனக் கழித்துவிட்டிருந்தால் இழப்பு அவருக்கு மாத்திரமா?

கேட்கப்படாமலே பெயர்க்கப்பட்ட ஊர் இது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எம்மக்கள் ஒரு மூட்டையுடன் வெளியேறியபோது எவரும் எவரையும் கேட்கவில்லை. இன்று ஊர்தோறும், நாடுதோறும் சிதறியிருக்கும் எம் பழைய மாணவர் ஒரு விளையாட்டு வீரரின் பொருட்டு இத்துணை உணர்ச்சியுடன் வாதிடுவதன் வேர் இங்கே இருக்கின்றதோ என ஐயுறுகின்றோம்.

கரப்பந்தாட்டத்துக்கு வருவோம். சொற்போர் நிகழ்ந்த மறுநாள் நாமே அப்பழைய மாணவருடன் தொலைபேசியிற் பேசினோம். குழுவின் ஐந்து கருத்துகளையும் ஒளிக்காது சொன்னோம். ஓரத்தில் இருத்தும் யோசனையைக் கேட்டு நகைத்தார். முதற் சுற்றில் ஆடுவாராம். இரண்டாஞ் சுற்றுக்குப் பதினொராம் வகுப்பு முடித்துச் சென்ற தம் தம்பி மகனை இறக்கவேண்டுமாம். பையனுக்குக் கை நல்லதாம், பொறுமைதான் போதாதாம். மூன்றாஞ் சுற்று வந்தால், முழங்காலையும் கேட்டுச் சொல்கின்றேன் என்றார்.